சுவான்சோவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் துணி, ஜிப், பட்டன் பார்ப்பதற்காகச் சீனாவில் ஷிஷி நகருக்குப் போகிறேன். ஞாயிறு ஒரு நாள் கையில் இருக்கிறது. பக்கத்திலுள்ள சுவான்சோவில் தமிழர்கள் கட்டிய சிவன் கோயில் இருந்ததாகவும், அதை இடித்துத்தான் அங்கே பெரிய புத்தர் கோயிலை எழுப்பினார்கள் என்றும் வாட்ஸ்அப்பில் வந்தது. படித்ததும் மனசு கஷ்டமாக இருந்தது. அது உண்மையா? அந்த ஊருக்கு நீங்கள் போய்வந்ததாக எழுதியிருந்தீர்கள். ஒரே நாளில் வேறென்ன பார்க்கலாம்? நான் சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

அன்புடன்,
ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

சிவன் கோயில் இருந்தது உண்மை. 1281இல், சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான் காலத்தில், சம்பந்தப் பெருமாள் என்பவர் கானின் பர்மான்படி, அதாவது அரச ஆணைப்படி, திருக்கதலீஸ்வரம் உடைய நாயனார் என்ற சிவனை அங்கே எழுந்தருளச் செய்தார் என்று தமிழிலேயே கல்வெட்டு இருக்கிறது. கீழே ஒரு வரி சீன எழுத்தும் உண்டு. ஆனால் நீங்கள் சொல்லும் புத்தர் கோயில், அதாவது கைய்யுவான் கோயில், தொடங்கப்பட்டது 686இல். நம் கல்வெட்டுக்கு அறுநூறு வருஷம் முந்தியது. அப்புறம் எப்படி இதை இடித்து அதைக் கட்டியிருக்க முடியும்?

நடந்தது வேறு. பதினான்காம் நூற்றாண்டின் பிற்பாதியில், மங்கோலிய ஆட்சி முடியப்போகிற சமயத்தில், அந்தத் துறைமுகத்தில் பத்து வருஷம் போல் கலவரம் நீடித்தது. வெளிநாட்டு வணிகர்கள் சிதறிப் போனார்கள். அதற்குப் பிறகு மிங் அரசர்கள் காலத்தில் கைய்யுவான் கோயிலைச் செப்பனிட்டவர்கள், நம் கோயில் கற்களை எடுத்துத் தங்கள் கோயிலில் வைத்தார்கள். இன்னும் பல கற்கள் ஊர்க் கோட்டைச் சுவருக்குள் போயின. இருபதாம் நூற்றாண்டில் அந்தச் சுவரை இடித்தபோது வெளிவந்த கற்களை வூ வென்லியாங் என்ற பள்ளி ஆசிரியர் தேடித்தேடிச் சேர்த்து வைத்தார். அவர் செய்யாவிட்டால் நமக்குத் தெரிந்திருப்பதில் பெரும்பகுதி தெரியாமலே போயிருக்கும். நாம் நன்றி சொல்ல வேண்டிய மனிதர் அவர்.

ஆகவே மனக்கஷ்டத்தோடு போகாதீர்கள். நம் தூண்கள் அங்கே இன்னும் கோயில் தூண்களாகத்தான் நிற்கின்றன. அவற்றைக் கடந்து ஜனங்கள் சாமி கும்பிடப் போகிறார்கள். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

காலையில் வேறெங்கும் போகாமல் நேராகக் கைய்யுவானுக்குப் போங்கள். கூட்டம் சேருவதற்குள் போய்விட வேண்டும். பெரிய மண்டபத்தின் முன்மேடையைச் சட்டென்று ஏறிவிடாதீர்கள், குனிந்து அடிவரிசையைப் பாருங்கள். மனித முகமும் சிங்க உடலுமாக எழுபதுக்கும் மேற்பட்ட புடைப்புச் சிற்பங்கள் வரிசையாகப் பதிந்திருக்கும். அவை நம் கோயிலிலிருந்து வந்தவை. பிறகு மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனால் இரண்டு தூண்கள். கறுத்துப் பச்சை ஓடிய கல், பதினாறு பட்டை. நடுநடுவே சதுரம், ஒவ்வொரு சதுரத்திலும் வட்டத்துக்குள் ஒரு சிற்பம். ஒன்றில் நரசிம்மர் இரணியனை மடியில் கிடத்தியிருக்கிறார். இன்னொன்றில் கண்ணன் இரட்டை மருத மரங்களுக்கு நடுவே. கஜேந்திர மோட்சமும் உண்டு. சிவன் கோயில் கற்களோடு பெருமாள் கதைகளும் இருப்பதால், இரண்டு சன்னதிகளும் அங்கே இருந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். சிற்பங்கள் சிறியவை, செல்போன் டார்ச் வேண்டியிருக்கும். அரைமணி நேரமாவது நில்லுங்கள்.

முற்றத்தின் இருபுறமும் உள்ள கல் கோபுரங்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டில் கட்டியவை. ஏறக்குறைய 45 மீட்டர் உயரம். 1604இல் வந்த பெரிய நிலநடுக்கத்தையும் தாங்கி நிற்பவை. கோயில் வளாகத்திலேயே ஒரு கப்பல் கூடம் இருக்கிறது. நிறையப் பேர் அதைப் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள். 1974இல் கடற்கரைச் சேற்றிலிருந்து தோண்டி எடுத்த சோங் அரச வம்சக் காலத்து, அதாவது மங்கோலியருக்கு முந்திய காலத்து, மரக்கப்பல் அது. உள்ளே பதின்மூன்று தனித்தனி அறைகள். ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலும் அடுத்ததற்குப் போகாது. அதில் கிடைத்த சரக்கு வாசனைக் கட்டைகளும் மிளகும். சரக்கு ஏற்றி அனுப்புகிற தொழிலில் இருக்கிற உங்களுக்கு அந்தக் கப்பல் நிறையச் சொல்லும்.

கோயில் வாசலிலேயே மேற்குத் தெரு. பழைய செங்கல் வீடுகள், தள்ளுவண்டிகள், கடைகள். அந்த ஊர்க் காலை உணவு மியான்சியான் ஹூ. நம் சேமியாவைவிட மெல்லிய கோதுமை இழையைக் கூழ் பதத்துக்கு வேகவைத்து, பொரித்த மாவுக் குச்சியைக் கத்தரியால் துண்டுதுண்டாக வெட்டிப் போட்டு, மேலே வெள்ளை மிளகுத்தூள் தூவித் தருவார்கள். ஆனால் அது கொதிப்பது பெரும்பாலும் எலும்பு அல்லது கடல் உணவுச் சாற்றில். உங்களுக்கு ஆகாது. கூட வருபவர் அசைவம் என்றால் அதையும், இஞ்சி போட்ட வாத்தையும், சிப்பி அடையையும் சாப்பிடட்டும். வெறும் கீரைப் பொரியல்தானே என்று நீங்கள் எதையும் வாங்கிவிட வேண்டாம், பன்றிக் கொழுப்பில் வதக்குவது அங்கே சகஜம்.

சைவத்துக்கு வழி கோயில்தான். பௌத்தக் கோயில்களை ஒட்டிச் சைவ உணவகங்கள் இருக்கும். அவர்கள் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. சைவம் என்பதற்கான சீன எழுத்தைப் போனில் படமாக வைத்துக்கொண்டு பலகைகளோடு ஒப்பிடுங்கள். தெருவில் நிலக்கடலையும் சர்க்கரையும் வைத்து மடித்த தடிமனான அடை கிடைக்கும். கடல்பாசியில் செய்த ஷிஹுவா காவ் குளிர்ச்சியாக, தேன் ஊற்றித் தருவார்கள். கடலையைக் குழைய வேகவைத்த இனிப்புக் கஞ்சியும் உண்டு. சிலர் அதில் முட்டை உடைத்து ஊற்றுவார்கள், முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மதியத்துக்குத் தூமென் தெரு. சிங்ஜிங் பள்ளிவாசல் 1009இல் அரபு வணிகர்களுக்காகக் கட்டியது. கருங்கல் வாசல் முழுசாக நிற்கிறது, தொழுகை மண்டபத்துக்குக் கூரை இல்லை. சில எட்டுகள் வைத்தால், தெய்வமாக வணங்கப்படும் பழைய சீனப் படைத்தளபதி குவான் யூவின் கோயில், ஊதுவத்திப் புகை மூட்டமாக இருக்கும். இன்னும் கொஞ்சம் நடந்தால் கன்பூசியஸ் கோயில். இந்தத் தெருவில் நடந்தால்தான் நம் சிவன் கோயில் அந்த ஊருக்குள் எப்படி வந்தது என்பது புரியும். வணிகம் செய்ய வந்த ஒவ்வொரு கூட்டமும் தன் சாமியைக் கூட்டிவந்தது, ஊரும் இடம் கொடுத்தது. தமிழ்க் கல்லை மட்டும் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

அங்கிருந்து டாக்ஸி பிடித்துக் கடல்சார் அருங்காட்சியகம் போங்கள். திங்கள் விடுமுறை, உங்களுக்கு ஞாயிறு என்பதால் பிரச்சினை இல்லை. நம் கோயில்களின் மிச்சக் கற்கள் அங்கே இருக்கின்றன. லோயாங் பாலத்தை விட்டுவிடுங்கள். 1059இல் முடிந்த அருமையான கல் பாலம், அடித்தளத்தில் சிப்பிகளை வளரவிட்டுக் கற்களை இறுக்கினார்கள். இருந்தாலும் ஒரே நாளில் அதையும் சேர்த்தால் எதையும் நிதானமாகப் பார்க்க முடியாது.

தேநீரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. தியெகுவான்யின் என்ற தேயிலை வகை விளையும் அன்ஷி, சுவான்சோவின் கீழ் உள்ள மாவட்டம்தான். ஷிஷியில் நீங்கள் போகிற கடைகளிலும் உட்காரச் சொல்லி முதலில் தேநீர்தான் வரும். குட்டிக் கிண்ணத்தில் ஊற்றுவார்கள், தீரத்தீர நிரப்புவார்கள். பாலும் சர்க்கரையும் கேட்காதீர்கள். விலை பேச்சுக்கு அவசரப்படாமல் இரண்டு மூன்று சுற்று குடியுங்கள். அவர்களுக்கு அது மரியாதை.

ஒரு விஷயம், அந்த 1281 கல்வெட்டின் மூலக்கல் சுவான்சோவில் இல்லை. ஷியாமென் பல்கலைக்கழகத்தின் மானுடவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உங்கள் விமானம் ஷியாமென் வழியாகத்தான் என்றால் திரும்பும்போது அரை நாள் ஒதுக்குங்கள். பல்கலைக்கழகத்துக்குள் வெளியாட்களை எப்போது விடுகிறார்கள் என்று உங்கள் ஷிஷி வியாபாரியை முன்பே விசாரிக்கச் சொல்லுங்கள். ரயிலுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். ஊர்ப் பெயரைப் பார்த்து எடுங்கள், குவாங்சோ வேறு மாகாணம்.

அன்புடன்