வெந்நீர் கேள்விகள்: பெரிய பாய்லருக்கு அவசரம் வேண்டாம்

கேள்வி: என் மகன் இங்கிலாந்தில், லீட்ஸ் நகரில், மூன்று படுக்கையறை உள்ள பழைய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறான். வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லர் சமையலறையில் இருக்கிறது, வெந்நீர் சிலிண்டர் மாடி அலமாரிக்குள், அதற்கும் மேலே பரணில் ஒரு தண்ணீர்த் தொட்டி. பாய்லர் ரொம்பப் பழசு, மாற்றியே ஆக வேண்டும். சிலிண்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு காம்பி பாய்லர் வையுங்கள் என்கிறார் ஒருவர். சிலிண்டர் இருக்கட்டும், ஆனால் 30 கிலோவாட் பாய்லர் வேண்டும் என்கிறார் இன்னொருவர். வீட்டில் நான்கு பேர், நாங்கள் போய்த் தங்கும் மாதங்களில் ஆறு பேர், குளியலறை இரண்டு. எதை வாங்கச் சொல்வது?
– ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: சிலிண்டர் இருக்கட்டும், 30 கிலோவாட் வேண்டாம். முடிவு இவ்வளவுதான் அம்மா, காரணம்தான் கொஞ்சம் நீளம்.

நம் பாட்டி வீட்டுத் தாமிர பாய்லரில் நடுக்குழாயில் கரி எரியும், சுற்றிலும் தண்ணீர் இருக்கும், நெருப்பும் தண்ணீரும் ஒரே பாத்திரத்தில். உங்கள் மகன் வீட்டில் இரண்டும் தனித்தனி. பாய்லர் சூடாக்கும் தண்ணீர் அறைகளிலுள்ள ரேடியேட்டர்களுக்குள் சுற்றிச் சுற்றி வரும், தேவைப்படும்போது அதே தண்ணீர் சிலிண்டருக்குள் இருக்கும் சுருள்குழாய் வழியாகவும் ஓடி, குளிக்கிற தண்ணீரோடு கலக்காமலே அதைச் சூடாக்கிவிட்டு வரும். காம்பியில் சேமிப்பே கிடையாது, குழாயைத் திறந்த அந்த நொடியில் ஓடுகிற தண்ணீரைச் சூடாக்க வேண்டும்.

அதற்குத்தான் அவ்வளவு பெரிய நெருப்பு. குளிர்காலத்தில் 10 டிகிரியில் வருகிற தண்ணீரை 40 டிகிரியாக்கி, நிமிடத்துக்கு 10 லிட்டர் ஷவரில் விட வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 21 கிலோவாட் தேவை. இது ஒரு ஷவருக்கு. இரண்டு குளியலறையிலும் ஒரே நேரத்தில் ஆள் இருந்தால் கணக்கு இரட்டிப்பு, அதனால்தான் காம்பிகள் 24, 30, 35 என்று பெரிய எண்களில் விற்கப்படுகின்றன. தனியாக இருப்பவருக்கு, சின்ன ஃபிளாட்டுக்கு, காம்பி நல்ல பொருள்தான். ஆறு பேரும் காலை ஏழு மணிக்குக் கிளம்புகிற வீட்டுக்கு இல்லை.

ஆனால் அந்த மாதிரி வீட்டைச் சூடாக வைக்க எவ்வளவு வேண்டும் தெரியுமா? ஓரளவு இன்சுலேஷன் இருந்தால், வெளியே உறைகிற குளிரிலும் பெரும்பாலும் 6 முதல் 10 கிலோவாட்டுக்குள் முடிந்துவிடும். சிலிண்டர் இருக்கும்போது வெந்நீருக்காகப் பெரிய நெருப்பு தேவையில்லை, மெதுவாகச் சூடாக்கிச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். 200 லிட்டரை 10-லிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 11.6 யூனிட் (கிலோவாட்-மணி) சூடு வேண்டும், 12 கிலோவாட் பாய்லர் அதை ஒரு மணி நேரத்தில் செய்துவிடும். 30 கிலோவாட் அரை மணிக்குள் முடிக்கும் என்பார்கள், காகிதத்தில் சரி, ஆனால் பழைய தாமிர சிலிண்டரின் சுருள்குழாய் சிறியது, அவ்வளவு சூட்டையும் அதனால் வாங்கிக்கொள்ள முடியாது, பாய்லர் அணைந்து அணைந்து எரியும். அந்த அரை மணி நேரத்தை வைத்துக்கொண்டு யார் என்ன செய்யப் போகிறார்கள் என்பதும் எனக்குப் புரியவில்லை.

பெரியதாக வாங்கிவிட்டால் என்ன, குறைத்து எரிய விடலாமே என்று மகன் கேட்பார். குறைக்கலாம், ஒரு அளவுக்குத்தான். அக்டோபர், ஏப்ரல் மாதங்களில் வீட்டுக்கு 2 கிலோவாட் போதும் என்கிற நாட்கள் நிறைய வரும், அப்போது குறைந்தபட்சமே 7 கிலோவாட் எரிகிற பாய்லர் ஐந்து நிமிடம் எரிந்து அணையும், மறுபடி எரியும், கேஸும் வீண், உள்ளே இருக்கிற பாகங்களும் தேயும். ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் எண் குறைந்தபட்ச அளவு. அதிகபட்சத்தை அவர்களே பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள்.

வீட்டுக்கு எவ்வளவு தேவை என்பதை அறை அறையாக அளந்து கணக்குப் போடுவதுதான் முறை. அதைச் செய்யாமல் ரேடியேட்டர்களை எண்ணிப் பார்த்துவிட்டு எண் சொல்கிறவரை நான் நம்ப மாட்டேன். கேஸ் மீட்டரை வைத்தும் ஓரளவு பிடிக்கலாம்: வெளியே பூஜ்ஜியத்தைத் தொட்ட ஒரு நாளில் வீடு முழுவதும் சூடாக இருக்க 24 மணி நேரத்தில் 150 கிலோவாட்-மணி கேஸ் எரிந்தது என்றால், சராசரி 6 கிலோவாட் சொச்சம்தான், அதிலும் ஒரு பங்கு புகைக்குழாயில் போயிருக்கும்.

இன்னொரு விஷயம். 2005-லிருந்து அங்கே புதிதாக வைக்கும் கேஸ் பாய்லர் புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அந்தச் சூட்டையும் பிடித்துக்கொள்ளும் கண்டென்ஸிங் வகையாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் ரேடியேட்டர்களைச் சுற்றித் திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும். 75, 80 என்று வைத்து ஓட்டினால் காசு கொடுத்து வாங்கிய வசதி பாதி தூங்கும். சிலிண்டருக்கோ அதிகச் சூடு வேண்டும். இதற்கு ஒரே வழி, வெந்நீருக்கு முன்னுரிமை தரும் இரண்டு வெப்பநிலை கன்ட்ரோல்: சிலிண்டர் கேட்கும்போது 65, 70 டிகிரியில் அதற்கு மட்டும், மற்ற நேரம் ரேடியேட்டருக்கு 50, 55. வைலண்ட், வீஸ்மன், வொர்செஸ்டர் பாஷ், ஐடியல், எந்தக் கம்பெனியானாலும் குறிப்பிட்ட மாடலில் இது உண்டா, அதற்குத் தேவையான கன்ட்ரோல் விலையில் சேர்ந்திருக்கிறதா என்று எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்தது பாய்லரின் வகை. பரண் தொட்டியை அப்படியே வைத்துக்கொள்வதென்றால் சூடாக்க மட்டுமே செய்கிற சாதாரண வகை. தொட்டியை எடுத்துவிட்டு, தெருக்குழாய் அழுத்தத்திலேயே நேராக வேலை செய்யும் மூடிய சிலிண்டருக்குப் போவதென்றால், பம்ப்பும், சூட்டில் பெருகும் தண்ணீருக்கு இடம் தரும் விரிவுக்கலமும் உள்ளேயே அடங்கிய சிஸ்டம் பாய்லர். ஷவரில் நல்ல வேகம் கிடைக்கும், நான் இதையே தேர்ந்தெடுப்பேன், ஆனால் முதலில் ஒரு வாளியை எடுத்து சமையலறைக் குளிர்நீர்க் குழாயை முழுக்கத் திறந்து ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு வருகிறது என்று பார்க்கட்டும். 20 லிட்டருக்கு மேல் என்றால் தாராளம். 10, 12 என்றால் பரண் தொட்டியே தேவலை. வீட்டுக் குழாய்கள் ரொம்பப் பழையதாக இருந்தாலும் யோசிக்க வேண்டும், அழுத்தம் ஏறியதும் பழைய மூட்டுகள் கசிய ஆரம்பிக்கலாம்.

சிலிண்டர் புதிதாக வாங்கினால் ஆறு பேருக்கு 210 முதல் 250 லிட்டர், சுருள்குழாய் பெரியதாக. நாளைக்கு கேஸை விட்டு, வெளிக்காற்றின் சூட்டை கரன்ட்டால் இழுத்துத் தரும் ஹீட் பம்ப்புக்கு மாறினாலும் பெரிய சுருள் கைகொடுக்கும். கேஸ் வேலையை கேஸ் சேஃப் என்ற அங்கத்திய அதிகாரபூர்வப் பதிவேட்டில் உள்ளவர்தான் செய்யலாம், மூடிய சிலிண்டருக்குத் தனித் தகுதி வேண்டும். இரண்டு அட்டையையும் பார்த்துவிட்டு உள்ளே விடட்டும்.

கேள்வி: சிலிண்டரை 60 டிகிரியில் வை என்கிறார்கள் என் பெண் வீட்டில். குளிக்க 40 போதுமே, ஏன் இந்த வீண் செலவு?
– ஒரு வாசகர், மல்லேஸ்வரம், பெங்களூரு

பதில்: வீண் இல்லை சார். வெதுவெதுப்பாகத் தேங்கி நிற்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும், நுரையீரலைத் தாக்கும், வயதானவர்களுக்கு ஆபத்து. 60-ல் அது பிழைக்காது. குழந்தைகள் கை சுட்டுக்கொள்ளும் என்ற பயம் இருந்தால் குழாய்க்கு முன் குளிர்நீரைக் கலக்கும் தெர்மோஸ்டாட் வால்வு போடலாம். நல்ல இன்சுலேஷன் உள்ள புது சிலிண்டர் ஒரு நாள் முழுக்கச் சும்மா இருந்தாலும் ஒன்றிரண்டு யூனிட் சூட்டைத்தான் இழக்கும்.

கேள்வி: வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். மொட்டைமாடியில் 200 லிட்டர் சோலார் வரப்போகிறது. மழைக்காலத்துக்கு அதிலேயே கரன்ட் ஹீட்டர் போடுவதா, கீழே கேஸ் கீஸர் வைப்பதா?
– ஒரு வாசகி, ராமமூர்த்தி நகர், பெங்களூரு

பதில்: குளியலறைக்குள் கேஸ் கீஸர் கூடவே கூடாது, கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கும்போது கார்பன் மோனாக்ஸைடு சேர்ந்து மயக்கமும் மரணமும் வரும், வாசனைகூடத் தெரியாது. சோலார் தொட்டியில் 2 கிலோவாட் ஹீட்டர் என்றால், மேகமூட்டமான நாளில் 30 டிகிரியில் நிற்கிற 200 லிட்டரையும் 55-க்கு ஏற்ற மூன்று மணி நேரம் ஆகும், கிட்டத்தட்ட 6 யூனிட். ஒரே ஒருவர் குளிப்பதற்கும் அதே செலவு.

அதனால் சோலார் குழாயை, அந்தச் சூட்டைத் தாங்கும் என்று கம்பெனி சொல்கிற 15 லிட்டர் கீஸரின் உள்வாய்க்குக் கொடுங்கள். மேலிருந்து வருகிற பாதிச் சூட்டை அது கால் மணிக்குள் ஏற்றித் தரும், வெயில் நாளில் தெர்மோஸ்டாட்டே அணைத்துவிடும். கீஸரைத் தாண்டிப் போக ஒரு பைபாஸ் வால்வும், குளிர்நீர்க் குழாயில் தண்ணீரைத் திரும்ப விடாத ஒரு நான்-ரிட்டர்ன் வால்வும் வேண்டும். போர்வெல் தண்ணீர் என்றால் சோலார் கண்ணாடிக் குழாய்களின் அடியில் உப்பு படியும், வருடம் ஒருமுறை கழுவ வேண்டியிருக்கும், காவிரித் தண்ணீருக்கு அந்தத் தொல்லை குறைவு. மேலிருந்து இறங்கும் வெந்நீர்க் குழாயைச் சுவருக்குள் மூடும் முன்பே இன்சுலேஷன் சுற்றச் சொல்லுங்கள், டைல்ஸ் ஒட்டியபின் எந்த மேஸ்திரியும் அதைத் தொட மாட்டார்.