இடுப்பில் தெரியும் துப்பாக்கி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டாலஸில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மளிகைக் கடையில் ஒருவர் இடுப்பில் துப்பாக்கியுடன் பால் வாங்கிக்கொண்டிருந்தார். யாரும் பதறவில்லை. இதைச் சட்டம் அனுமதிக்கிறதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

டெக்சாஸில் அனுமதிக்கிறது. ஆனால் அங்கே காலங்காலமாக இப்படித்தான் என்று எண்ணிவிடாதீர்கள். பொது இடத்தில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வதை அந்த மாநிலம் 1871-லேயே தடை செய்துவிட்டது. நூற்றாண்டுக்கு மேல் நீடித்த அந்தத் தடை 1995-இல்தான் தளர்ந்தது. லைசென்ஸ் உள்ளவர்கள் மறைத்து எடுத்துச் செல்லலாம் என்றார்கள். 2016 ஜனவரி முதல் லைசென்ஸ் இருந்தால் பிறர் கண்ணில் படும்படியே உறையில் வைத்துச் செல்லலாம் என்றானது. 2021 செப்டம்பர் முதல், 21 வயது நிரம்பி, சட்டப்படி விலக்கப்படாதவராக இருந்தால் லைசென்ஸே வேண்டாம். நீங்கள் பார்த்தவருக்கு அந்த உரிமை கிடைத்துச் சில ஆண்டுகள்தான் ஆகியிருக்கின்றன.

அமெரிக்க அரசியல் சட்டமே இந்த உரிமையைத் தருகிறது என்கிறார்களே?
– சட்டக் கல்லூரி மாணவி, திருச்சி

1791-இல் வந்த இரண்டாம் திருத்தத்தைத்தான் சொல்கிறார்கள். அது தனிமனிதருக்கான உரிமை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2008-இல், ஹெல்லர் வழக்கில். அந்தத் தீர்ப்பு வீட்டுக்குள் வைத்திருப்பதைப் பற்றியது. வீட்டுக்கு வெளியிலும் அந்த உரிமை உண்டு என்று 2022-இல் புரூயன் வழக்கில் 6-க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பானது. வெளிப்படையாக எடுத்துச் செல்லவும் உரிமை உண்டா என்பது வேறு கேள்வி. நியூயார்க்கும் இல்லினாயும் லைசென்ஸ் உள்ளவர் மறைத்து எடுத்துச் செல்ல மட்டுமே இடம் தருகின்றன. புளோரிடாவில் 1987 முதல் இருந்த தடையை, 2025 செப்டம்பரில் அந்த மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று செல்லாது என்று தள்ளியது. இந்த விவாதம் இன்னும் பல சுற்று வரும்.

எச்-1பி விசாவில் ஹூஸ்டனில் இருக்கும் என் மகன், பாதுகாப்புக்காகத் துப்பாக்கி வாங்கப் போவதாகச் சொல்கிறான். லைசென்ஸ் தேவையில்லாத ஊர்தானே என்கிறான்.
– ஒரு தாய், கோயம்புத்தூர்

அவரை உடனே தடுத்து நிறுத்துங்கள் அம்மா. மாநிலச் சட்டம் லைசென்ஸ் கேட்காது, உண்மைதான். ஆனால் அதற்கு மேலே கூட்டரசுச் சட்டம் இருக்கிறது. குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள், அதாவது எச்-1பி ஊழியர், எஃப்-1 மாணவர், சுற்றுலா விசாவில் போனால் நீங்கள் உட்பட, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. மீறினால் 15 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு; விசாவும் எதிர்காலமும் போய்விடும். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை.

செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு என்பதை நண்பர்கள் அவருக்குச் சொல்லியிருப்பார்கள். சட்டத்தில் அப்படி இருக்கிறதுதான். குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைக் கேட்காமல் அந்த வழியில் இறங்கவே கூடாது. இன்னொன்று: சொந்தமாக வாங்குவது மட்டும் குற்றமல்ல, கையில் வைத்திருப்பதும் குற்றம். மாணவர் விசாவில் வந்து, புளோரிடாவில் படிப்பிலிருந்து நீக்கப்பட்டு விசாத் தகுதியை இழந்த ஒருவர், துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடத்துக்குப் போய்ச் சுட்டதற்காகத் தண்டிக்கப்பட்டார். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தன் விசாத் தகுதி பறிபோனது அவருக்குத் தெரியும் என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019-இல் நீதிமன்றம் சொன்னது. அந்த நிலைமை வரைக்கும் உங்கள் மகன் ஏன் போக வேண்டும்?

துப்பாக்கி வெளியே தெரிந்தால் குற்றவாளி பயந்து விலகிவிட மாட்டானா?
– வங்கி ஊழியர், சேலம்

சிலர் விலகலாம். சிலர் அந்தத் துப்பாக்கியையே பறிக்கப் பார்க்கலாம். முதல் குண்டைத் துப்பாக்கி ஏந்தியவர் மீதே சுடலாம். வெளிப்படையாக ஏந்துவதை மட்டும் பிரித்து அளந்த நம்பகமான ஆய்வு என் கண்ணில் படவில்லை. மறைத்து எடுத்துச் செல்லும் அனுமதியை எளிதாக்கிய சட்டங்கள் கொலைகளைக் கூட்டுகின்றன என்பதற்குச் சான்று இருப்பதாக ராண்ட் ஆய்வு நிறுவனம் சொல்கிறது. குற்றம் குறைகிறது என்று அடித்துச் சொல்பவர்கள் முதலில் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

போராட்டங்களுக்குத் துப்பாக்கியோடு வருவது கருத்துரிமையின் ஒரு பகுதி என்ற வாதத்தை எப்படிப் பார்க்கிறீர்கள்?
– பத்திரிகையாளர், சென்னை

நான் அதை ஏற்கவில்லை. துப்பாக்கி ஏந்தியவரின் நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் எதிரில் நிற்பவருக்கு அது எப்படித் தெரியும்?

2020 ஏப்ரல் 30 அன்று மிச்சிகன் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்துக்குள், ஊரடங்கை எதிர்த்தவர்கள் நீண்ட துப்பாக்கிகளோடு நுழைந்தார்கள். மேல் மாடத்தில் ஆயுதத்தோடு நின்றவர்களின் பார்வைக்குக் கீழே செனட் நடந்தது. சில உறுப்பினர்கள் குண்டு துளைக்காத மேலங்கி அணிந்து அமர்ந்திருந்தார்கள். அந்தக் கட்டடத்துக்குள் பதாகை கொண்டுவரத் தடை இருந்தது. துப்பாக்கிக்குத் தடை இல்லை. எழுத்துக்கு இல்லாத இடம் ஆயுதத்துக்கு இருந்ததை எந்தக் கருத்துரிமையின் பேரிலும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. வெளிப்படையாக ஏந்தி வருவது அங்கே 2021 ஜனவரியில்தான் தடை செய்யப்பட்டது.

டாலஸ் 2016 ஜூலை 7 இன்னும் கொடியது. பேரணியில் பலர் ரைஃபிள்களோடு வந்திருந்தார்கள். அது சட்டப்படி சரி. ஒருவன் சுடத் தொடங்கி ஐந்து காவலர்களைக் கொன்றான். தோளில் ரைஃபிளோடு வந்திருந்த ஒரு கறுப்பின மனிதரின் படத்தைச் சந்தேக நபர் என்று காவல்துறை வெளியிட்டது. அவர் தன் துப்பாக்கியைத் தெருவிலேயே ஒரு காவலரிடம் ஒப்படைத்துவிட்டார், குற்றமற்றவர். ஆனாலும் கொலை மிரட்டல்கள் அவரைத் துரத்தின. குண்டு பாயும் நேரத்தில் ஆயுதம் ஏந்தியவர்களில் யார் கொலைகாரன் என்று காவலர் எப்படிப் பிரித்தறிவார்? மாநிலங்கள் வேறு எதில் மாறுபட்டாலும், போராட்டக் களத்திலும் சட்டமன்றத்திலும் வாக்குச்சாவடியிலும் துப்பாக்கியை அனுமதிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இந்த உரிமை எல்லா இனத்தவருக்கும் சமமாகக் கிடைக்கிறதா?
– ஆய்வு மாணவர், புதுச்சேரி

ஏட்டில் சமம். வரலாறு வேறு கதை சொல்கிறது. 1966-இல் ஓக்லண்டில் கறுப்பினத்தவர் தொடங்கிய பிளாக் பாந்தர் கட்சியினர், சட்டப் புத்தகத்தோடும் தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடும் போலீஸ் வண்டிகளைப் பின்தொடர்ந்து கண்காணித்தார்கள். அன்றைய கலிபோர்னியாவில் அது சட்டபூர்வம். அதைத் தடுக்கவே மல்ஃபோர்டு மசோதா வந்தது. 1967 மே 2 அன்று அவர்கள் ஆயுதங்களோடு சாக்ரமெண்டோ சட்டமன்றக் கட்டடத்துக்குள் போய் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த ஆண்டே மசோதா சட்டமானது. கையெழுத்திட்ட ஆளுநர் ரொனால்ட் ரீகன். இன்று துப்பாக்கி உரிமைக்காகப் போராடும் தேசியத் துப்பாக்கிச் சங்கமும் (என்.ஆர்.ஏ.) அதை ஆதரித்தது.

அது பழங்கதை என்பவர்களுக்கு 2014-ஐ நினைவூட்டுகிறேன். ஓஹையோவில் துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்தலாம். அங்கே ஒரு பேரங்காடியில், விற்பனைக்கு வைத்திருந்த காற்றுத் துப்பாக்கியைக் கையில் எடுத்த கறுப்பின இளைஞரைக் காவலர் சுட்டுக் கொன்றார். குற்றச்சாட்டு பதிவாகவில்லை.

கடைக்காரர் துப்பாக்கியோடு வருபவரை வராதே என்று சொல்லலாமா?
– சிறுதொழில் நடத்துபவர், சிவகாசி

சொல்லலாம். தனியார் இடம் அவருடையது. டெக்சாஸில் அதற்கென்று குறிப்பிட்ட வாசகத்தோடு அறிவிப்புப் பலகைகள் உண்டு. துப்பாக்கி கொண்டுவர வேண்டாம் என்று ஸ்டார்பக்ஸ் 2013-இல் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. 2019-இல் எல் பாசோ கடையில் நடந்த படுகொலைக்குப் பிறகு, கண்ணில் படும்படி ஏந்தி வர வேண்டாம் என்று வால்மார்ட்டும் கேட்டது.

அடுத்த மாதம் பேரப்பிள்ளைகளைப் பார்க்க அரிசோனா போகிறோம். இப்படி ஒருவரைப் பார்த்தால் என்ன செய்வது?
– மூத்த தம்பதியர், தஞ்சாவூர்

உறையில் இருந்தால், அமைதியாக விலகிச் செல்லுங்கள். முறைக்க வேண்டாம், படம் எடுக்க வேண்டாம், கேள்வி கேட்க வேண்டாம். கடைக்குள் என்றால், உங்களுக்குச் சங்கடமாக இருப்பதை மேலாளரிடம் சொல்லலாம். துப்பாக்கி கைக்கு வந்துவிட்டால், யாரையாவது குறிபார்த்தால், மிரட்டினால், பிள்ளைகளோடு முதலில் வெளியேறுங்கள். பிறகு 911-ஐ அழையுங்கள். கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள், ஊகத்தைச் சேர்க்காதீர்கள். ஓஹையோ இளைஞர் துப்பாக்கியை மற்றவர்கள் மீது நீட்டுகிறார் என்று ஒருவர் தொலைபேசியில் சொன்னதைக் கேட்டுத்தான் காவலர்கள் அங்கே விரைந்தார்கள்.