கிட்னி எம்.ஆர்.ஐ.: 3 டெஸ்லா தேடி அலைய வேண்டுமா?

கேள்வி: அப்பாவின் இடது கிட்னியில் உள்ள நீர்க்கட்டிக்குள் தடுப்பு மாதிரி தெரிகிறது, எம்.ஆர்.ஐ. எடுங்கள் என்கிறார் டாக்டர். எங்கள் ஊரில் இருப்பது 1.5 டெஸ்லா. 3 டெஸ்லாவுக்கு மூன்று மணி நேரம் போக வேண்டும். போகலாமா?

போக வேண்டாம், ஊரிலேயே எடுங்கள். இரண்டு கருவியிலும் 11 வருடம் வேலை பார்த்த டெக்னீஷியன் நான். என் அம்மாவின் கிட்னியையும் 1.5இல்தான் எடுத்தோம்.

டெஸ்லா என்பது கருவியின் காந்த வலிமையின் அளவு. காந்தம் இரட்டிப்பானால் சிக்னலும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மூளை, முழங்கால் என்றால் நானே 3 டெஸ்லாவுக்குப் போகச் சொல்வேன். வயிறு வேறு மாதிரி. கருவி அனுப்பும் ரேடியோ அலை 1.5இல் 64 மெகாஹெர்ட்ஸ், 3இல் 128. உடம்புக்குள் அந்த அலையின் நீளம் சுமார் 52 சென்டிமீட்டரிலிருந்து 26க்குச் சுருங்கிவிடும். கிட்டத்தட்ட வயிற்றின் அகலம்தான் அது. அப்போது அலைகள் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, படத்தில் கறுப்புத் திட்டு விழும்.

வயிற்றில் நீர் கோத்திருந்தால் இன்னும் மோசம். அப்படி வந்த ஒரு பாட்டிக்கு 3 டெஸ்லாவில் எடுத்தபோது, கட்டி இருக்க வேண்டிய இடமே இருட்டாக இருந்தது. மறுநாள் 1.5இல் படுக்க வைத்தோம், தெளிவாக வந்தது. அந்த இரண்டாவது அலைச்சலில் அவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். புதிய 3 டெஸ்லா கருவிகளில் அலையை இரண்டு வழியாக அனுப்பி இந்தத் தொல்லையை நன்றாகவே குறைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

7 டெஸ்லா பற்றியும் சிலர் கேட்கிறார்கள். 2017இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது தலைக்கும் கை கால்களுக்கும் மட்டும். மினசோட்டாவிலும் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரிலும் அதில் கிட்னியைப் படமெடுத்திருக்கிறார்கள், ஆனால் ஆராய்ச்சிக்காக.

உங்கள் அப்பா விஷயத்தில் காந்தத்தைவிட மூச்சுதான் முக்கியம். கட்டிக்குள் இருக்கும் தடுப்புக்கு ரத்தம் போகிறதா என்பதுதான் டாக்டருக்குத் தெரிய வேண்டும். அதற்காக, ரத்தம் போகும் இடத்தைப் பளிச்சென்று காட்டும் கான்ட்ராஸ்ட் ஊசிக்கு முன் ஒரு படம், பின் சில படங்கள் எடுத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்ப்பார்கள். மூச்சு விடும்போது கிட்னி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேலும் கீழும் போய்வரும். ஒவ்வொரு தடவையும் அது ஒரே இடத்தில் நிற்காவிட்டால் கழித்த படம் வீண்தான், எத்தனை டெஸ்லாவாக இருந்தாலும் சரி.

எனவே இன்று ராத்திரியிலிருந்தே அப்பாவைப் பழக்குங்கள். மல்லாந்து படுத்து, மூச்சை வெளியே விட்டு, அப்படியே 15 வினாடி நிறுத்த வேண்டும். மூச்சை இழுத்துப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் அளவு மாறும், விட்டு நிறுத்தினால் அவ்வளவாக மாறாது. அம்மாவுக்கு நான் மூன்று நாள் கூடவே படுத்து எண்ணிக் காட்டினேன்.

அப்புறம், ஊசிக்கு முன் கிரியாட்டினின் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். அதிலிருந்து கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர். (கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்ற அளவு) 30க்குக் கீழே இருந்தால், அந்த ஊசியில் இருக்கும் காடோலினியம் மருந்தில் எந்த வகையைப் போடுவது என்று ரேடியாலஜிஸ்ட் முடிவு செய்ய வேண்டும். பேஸ்மேக்கர் இருந்தால் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். சில மாடல்களுக்கு 1.5 டெஸ்லாவில் மட்டும்தான் அனுமதி.