சப்பாத்தியை நிறுத்தும் முன் ரத்தப் பரிசோதனை

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. இரண்டு ஆண்டுகளாக ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை, டானிக் எல்லாம் கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவே இல்லை. அடிக்கடி வயிறு உப்புகிறது, மலம் இளகிப் போகிறது. வகுப்பில் இவள்தான் குள்ளம். வேலூரில் பார்த்த மருத்துவர், சீலியாக் நோயாக இருக்கலாம் என்று ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அதற்குள் உறவினர் ஒருவர், ‘அது கோதுமை ஆகாத நோய், முதலில் சப்பாத்தியை நிறுத்து’ என்றதால் பத்து நாளாக நிறுத்திவிட்டோம். வயிறு இப்போது கொஞ்சம் பரவாயில்லை. இனிப் பரிசோதனை தேவையா? சோறு தின்று வளர்ந்த நமக்கு இந்த நோய் எப்படி வரும்? உறுதியானால் என்ன சமைப்பது? (மாமனாருக்குச் சர்க்கரை நோய் என்பதால் எங்கள் வீட்டில் தினமும் இரவில் சப்பாத்திதான்.)
– ஒரு தாய், குடியாத்தம்

பதில்: பரிசோதனை கட்டாயம் தேவை, அம்மா. அதைவிட அவசரமானது ஒன்று உண்டு. இன்றே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, பத்து நாளாகக் கோதுமையை நிறுத்தியிருப்பதைச் சொல்லுங்கள். அநேகமாக, மறுபடி சப்பாத்தி கொடுக்கத்தான் சொல்வார். சீலியாக் நோயில் ரத்தத்தில் தேடப்படுவது கோதுமை உள்ளே போவதால் உடல் தன் திசுவுக்கே எதிராக உண்டாக்கும் எதிர்ப்பொருள். கோதுமை வயிற்றுக்குள் போவது நின்றால் அந்த அளவு இறங்கத் தொடங்கும். குடலின் புண்ணும் ஆறத் தொடங்கும். அந்த நிலையில் பரிசோதித்தால், நோய் இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரக்கூடும். பரிசோதனைக்கு முன்பு ஆறு வாரமாவது தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளையில் கோதுமை உணவு சாப்பிட்டிருக்க வேண்டும் என்பது பொதுவான வழிமுறை. ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டுவந்த பெண்ணுக்குப் பத்து நாள் இடைவெளியால் எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். மறுபடி தொடங்கும்போது வாந்தியோ கடும் பேதியோ வந்தால் தாமதிக்காமல் தெரிவியுங்கள்.

வயிறு தேறியதை வைத்து ‘இதுதான் நோய்’ என்று முடிவுகட்டவும் கூடாது. கோதுமையைக் குறைத்தால் வேறு சில வயிற்றுக் கோளாறுகளும் அடங்கும். சீலியாக் என்றால் வாழ்நாள் முழுவதும் கோதுமை இல்லாத வாழ்க்கை. அத்தனை பெரிய கட்டுப்பாட்டை ஒரு சிறுமியின் தலையில் ஊகத்தின் பேரில் ஏற்றுவது நியாயமில்லை. நோய் இருந்து, அதை ஊகத்தோடு விட்டுவிடுவது அதைவிட ஆபத்து.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம்தான் குளூட்டன். சீலியாக் உள்ளவர்களின் நோய் எதிர்ப்பு மண்டலம் அதற்கு எதிராகக் கிளம்பித் தன் சிறுகுடலையே தாக்குகிறது. சிறுகுடலின் உட்சுவர் பூத்துவாலையைப் போல நுண்ணிய குடலுறிஞ்சிகளால் நிறைந்தது. சத்தை உறிஞ்சுவது அவைதாம். தாக்குதலில் அவை தேய்ந்து தட்டையாகின்றன. உங்கள் மகளுக்கு இந்த நோய் என்றால், எத்தனை மாத்திரை கொடுத்தும் இரும்பு ஏறாததற்குக் காரணம் இதுதான். மாத்திரை உள்ளே போகிறது, உறிஞ்ச இடமில்லை. வளர்ச்சி தடைப்படுவது, எலும்பு பலவீனமாவது, வாய்ப்புண் திரும்பத் திரும்ப வருவது, பெரியவர்களுக்குக் கருத்தரிப்பதில் சிக்கல், கருச்சிதைவு என்று இதன் முகங்கள் பல. வயிற்றுப்போக்கே இல்லாமல் ரத்தசோகை மட்டும் காட்டும் நோயாளிகளும் இருக்கிறார்கள். வருடக்கணக்கில் டானிக் மட்டும் மாறிக்கொண்டிருப்பது பெரும்பாலும் அவர்களுக்குத்தான்.

‘நமக்கு எப்படி?’ என்ற கேள்விக்கு வருகிறேன். 2016-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு 23,000-க்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தைச் சோதித்தது. இந்த எதிர்ப்பொருள் வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேரிடம் இருந்தது, தென்னிந்தியாவில் 0.10 சதவீதம் பேரிடம் மட்டுமே. ஆனால் நோய்க்கு வழிவிடும் மரபணுக்கள் வடக்கே 38 சதவீதம் பேரிடமும் தெற்கே 36 சதவீதம் பேரிடமும் இருந்தன. மரபணுவில் பெரிய வேறுபாடு இல்லை, தட்டில்தான் வேறுபாடு. வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை உண்டார், தெற்கே 25 கிராம். அந்த மரபணு உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை, மிகச் சிலருக்கே வரும். இருந்தாலும் இரவில் சப்பாத்தி, காலையில் ரவை உப்புமா, மாலையில் பிஸ்கட், ஞாயிற்றுக்கிழமை பரோட்டா என்று நம் தட்டும் மாறிவருகிறது. ‘தமிழர்களுக்கு இது வராது’ என்ற நம்பிக்கையோடு இனி இருக்க முடியாது.

பரிசோதனையில் டிடிஜி–ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளையும், மொத்த ஐஜிஏ (எதிர்ப்பொருள்களில் ஒரு வகை) அளவையும் பார்ப்பார்கள். சிலருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ குறைவு. அவர்களிடம் முதல் சோதனை மட்டும் செய்தால் ஏமாந்துபோவோம். எதிர்ப்பொருள் கூடியிருந்தால் எண்டோஸ்கோபி வழியாகச் சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் சில துணுக்குத் திசுக்களை எடுத்துப் பார்ப்பார்கள். மயக்க மருந்து கொடுத்துச் செய்வது வழக்கம், பயப்பட வேண்டாம். அளவு மிக மிக அதிகமாக இருக்கும் குழந்தைகளுக்குச் சில சமயம் எண்டோஸ்கோபி இல்லாமலும் உறுதிசெய்வதுண்டு.

நம் வட்டாரத்தில் திசுப் பரிசோதனையை மட்டும் வைத்து முடிவெடுக்கவும் முடியாது. 1960-களில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற குடல் நோய் கொள்ளைநோயாகப் பரவியது. அதைப் பற்றி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்த ஆய்வுகள் உலக அளவில் அறியப்பட்டவை. ஸ்ப்ரூவிலும் குடலுறிஞ்சிகள் தேயும், ரத்தசோகை வரும், உடல் இளைக்கும். ஆனால் அதற்கு மருந்து ஆன்டிபயாடிக்கும் ஃபோலிக் அமிலமும். கோதுமையை விலக்கிப் பயனில்லை. ஜியார்டியா கிருமி, குடல் காசநோய் போன்றவையும் இதே வேடத்தில் வரும். ஆகவே ரத்த முடிவு, திசு முடிவு, குழந்தையின் நிலை மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் குடல்நோய் மருத்துவரிடமே இறுதி முடிவை விடுங்கள்.

உறுதியானால்? இதற்கு இன்றைக்கும் உணவுதான் மருந்து. நல்ல செய்தி என்னவென்றால், இந்த நோயோடு வாழ நம்மைவிட வசதியான சமையலறை வேறெங்கும் இல்லை. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, வரகு, குதிரைவாலி, ஜவ்வாது மலைச் சாமை, எல்லாப் பருப்புகளும், பால், முட்டை, மீன், இறைச்சி, காய், கனி எதிலும் இயற்கையாகக் குளூட்டன் இல்லை. இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, அடை, களி, கூழ், கொழுக்கட்டை, அதிரசம் எல்லாம் தாராளமாகத் தரலாம். ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று விலை கூட்டி விற்கும் பிஸ்கட்டும் ரொட்டியும் உங்களுக்கு அவசியமே இல்லை. குடல் ஆறும்வரை பால் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். தயிர் கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் இது தற்காலிகமே.

சிக்கல் ஒளிந்திருக்கும் கோதுமையில் இருக்கிறது. ரவை, மைதா, சேமியா கோதுமைதான் என்பதைப் பலர் நினைப்பதில்லை. சம்பா கோதுமை உடலுக்கு நல்லது என்று பெயர் வாங்கியிருந்தாலும் கோதுமையே. கடையில் விற்கும் கேழ்வரகுச் சேமியா பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். சத்துமாவில் கோதுமை சேர்ப்பது வழக்கம். ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்களில் பார்லியும் கோதுமையும் உண்டு. ரத்தசோகைப் பிள்ளைக்குத் தெம்பு வரட்டும் என்று தினமும் அதைக் கலந்து கொடுக்கும் தாய்மார்களை நினைத்தால் மனம் கனக்கிறது. ஓட்ஸ் வேண்டாம், பெரும்பாலும் கோதுமை கலந்தே வருகிறது. சோயா சாஸில் கோதுமை இருக்கும்.

எல்லாவற்றையும்விட நம்மை ஏமாற்றுவது பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு கோதுமை மாவோ மைதாவோ சேர்ப்பது வழக்கம். ஒரு சிட்டிகைதானே என்று சாம்பார், ரசம், மோர், ஊறுகாய், முறுக்கு என எல்லாவற்றிலும் போடுகிறோம். சப்பாத்தியை அடியோடு நிறுத்தியும் எதிர்ப்பொருள் இறங்காத வீடுகளில் நான் முதலில் கேட்பது பெருங்காய டப்பாவைத்தான். அரிசி மாவு சேர்த்தவையும் கிடைக்கின்றன. டப்பாவின் பின்புறம் படித்து வாங்குங்கள், இல்லையென்றால் பூண்டு, சீரகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பொட்டலப் பொருள்களின் உறையில் குளூட்டன் உள்ள தானியம் இருப்பதைக் குறிப்பிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. ‘குளூட்டன் இல்லாதது’ என்று எழுத, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழ் இருக்க வேண்டும்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று தோன்றும். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து உள்ளே போனாலே குடல் பாதிக்கப்படலாம். கால் டீஸ்பூன் கோதுமை மாவிலேயே அவ்வளவு இருக்கும். அதனால் மாவு மில்லில் கோதுமை அரைத்த இயந்திரத்தில் கேழ்வரகைக் கொட்டாதீர்கள். வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலியுங்கள். மகளுக்குத் தனித் தோசைக்கல், தனிச் சல்லடை, தனிக் கரண்டி வையுங்கள். பூரி பொரித்த எண்ணெயில் அவளுக்கு அப்பளம் வேண்டாம். எவர்சில்வர் பாத்திரங்களை நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும். மாமனாருக்குச் சப்பாத்தி தாராளமாகப் போடலாம். மகளுக்கு முதலில் சமைத்துவிட்டு அதன்பின் போடுங்கள்.

வெளியே போனால் ஆம்பூர் பிரியாணியின் சோறும் கறியும் பொதுவாகப் பிரச்சினையில்லை. பரோட்டா கிண்டிய கரண்டியும், மைதா பூசிப் பொரித்த கோழியும்தான் பிரச்சினை. ஆற்காடு மக்கன் பேடாவில் மைதா உண்டு, வேண்டாம். கோவில் பிரசாதத்தில் கேசரியை விட்டுப் பொங்கல் கேட்கலாம். தேவாலயத்தில் தரும் அப்பமும் கோதுமைதான், போதகரிடம் முன்கூட்டியே பேசினால் வழி கிடைக்கும். நாளை கல்யாணத்துக்குத் தடையாகும் என்று நோயை மறைக்கும் குடும்பங்கள் உண்டு. மறைத்தால் விருந்து வீடுகளில் அந்தப் பெண் வாய்திறந்து மறுக்க முடியாமல் சாப்பிட்டுத் துன்பப்படுவாள். பள்ளி ஆசிரியையிடமும் நெருங்கிய உறவினரிடமும் வெளிப்படையாகச் சொல்லுங்கள்; தொற்றுநோய் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சரியாகக் கடைப்பிடித்தால் சில வாரங்களிலேயே வயிறு அடங்கும், பசி எடுக்கும். எதிர்ப்பொருள் இறங்க ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். ஆறாவது மாதமும் பன்னிரண்டாவது மாதமும் ரத்தப் பரிசோதனை செய்து, உயரத்தையும் எடையையும் குறித்துவையுங்கள். இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, கால்சியம் ஆகியவற்றை மருத்துவர் சொல்லும் வரை நிறுத்தாதீர்கள்.

மகளுக்கு உறுதியானால் நீங்களும், உங்கள் கணவரும், அவளுடைய உடன்பிறந்தவர்களும் ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பாருங்கள். நோயாளியின் நெருங்கிய ரத்த உறவுகளில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு இது இருப்பதாக உலக ஆய்வுகள் சொல்கின்றன. அவர்களில் பலருக்கு எந்தத் தொந்தரவும் தெரிந்திருக்காது. அவர்களும் பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தக் கூடாது.