பித்தப்பையை எடுத்த பிறகும் கல் வருமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 54 வயது. மூன்று வருடங்களுக்கு முன் லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை எடுத்தார்கள். இரண்டு மாதமாகச் சாப்பிட்டதும் மேல்வயிறு வலிக்கிறது. போன வாரம் குளிர்காய்ச்சல் வந்தது, கண்ணும் சிறுநீரும் மஞ்சளாகின. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்ததில் குறைந்திருக்கிறது. பையே இல்லாதவருக்கு மறுபடி கல் வருமா? – வாசகர், பாலக்கோடு

பதில்: வரும். பித்தம் சுரப்பது கல்லீரலில்தான். பை அதைச் சேர்த்து வைக்கும் இடம் மட்டுமே. பையை எடுத்த பிறகும் பித்தநாளம் வழியாகப் பித்தம் குடலுக்கு இறங்கிக்கொண்டேதான் இருக்கும். ஆபரேஷனுக்கு முன்பே பையிலிருந்து நழுவிய சிறு கல், அந்த நாளத்தில் வருடக்கணக்கில் தொந்தரவு தராமல் கிடந்துவிட்டு ஒருநாள் அடைக்கலாம். நாளத்திலேயே புதிதாகக் கல் உருவாவதும் உண்டு. அரிதாக, ஆபரேஷனில் நாளத்தில் பட்ட காயம் ஆறும்போது சுருங்கி, வெகுநாள் கழித்து அடைப்பாகத் தெரியும்.

வலி, குளிர்காய்ச்சல், மஞ்சள் மூன்றும் சேர்ந்து வந்தால், அடைபட்ட நாளத்தில் கிருமி பிடித்திருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். நம் பக்கத்தில் காமாலை என்றாலே கீழாநெல்லிதான். வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் ஓய்விலேயே அடங்கிவிடும்; அடைப்பால் வருவது அப்படியல்ல. கல் கொஞ்சம் நகர்ந்தால் மஞ்சள் குறையும், மறுபடி அடைத்தால் திரும்ப வரும். குறைந்திருக்கிறதே என்று தயவுசெய்து நாள் கடத்தாதீர்கள்.

இன்றைக்கே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு கொண்டுபோங்கள். கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எடுப்பார்கள். நாளத்தின் கீழ்ப்பகுதியைக் குடல் வாயு மறைப்பதால் சாதாரண ஸ்கேனில் கல் தப்பிவிடலாம். அதனால் ஸ்கேன் நார்மல் என்று வந்தாலும், எம்.ஆர்.சி.பி. (பித்தநாளத்தைத் தெளிவாகக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) தேவையா என்று கேளுங்கள். கல் இருப்பது உறுதியானால் இ.ஆர்.சி.பி. முறையில், வாய்வழியே எண்டோஸ்கோப்பைச் செலுத்தி எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் வயிற்றை மறுபடி கிழிக்க வேண்டியிருக்காது. அதற்காக சேலத்துக்கோ பெங்களூருக்கோ அனுப்பினால் தயங்காமல் போங்கள். அப்புறம், இதயக் கோளாறும் மேல்வயிற்று வலியாகத் தெரியலாம் என்பதால், இந்த வயதில் ஒரு ஈ.சி.ஜி.யும் எடுத்துவிடுவது நல்லது.

தொப்புள் பக்கத் தழும்பில் இருமும்போது புடைப்பு தெரிந்தால் அது குடலிறக்கமாக இருக்கலாம். பையை எடுத்த சிலருக்குச் சாப்பிட்டதும் வயிற்றுப்போக்கு வரும், அதற்கு மருந்து இருக்கிறது. இவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கிளம்புவதற்குள் மறுபடி நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, பேச்சு குழறினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.