பத்தாம் வசனம்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். என் கணவர் பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருஷம் மூன்று மாதம் ஆகிறது. வலது கை வரவில்லை. பேச்சு பாதிதான் திரும்பியிருக்கிறது. போன புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் இருந்த வசனம் எரேமியா 29:11. அதை வேதாகமத்துக்குள் வைத்துத் தினமும் ஜெபிக்கிறேன். வருஷமே முடியப் போகிறது. வீட்டுக்கு ஜெபிக்க வருகிறவர்கள், “இந்த மாதத்துக்குள் எழுந்து நடப்பார் என்று அறிக்கை செய்யுங்கள், சந்தேகம்தான் தடை” என்கிறார்கள். ராத்திரி அவரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது எனக்கு அழுகை வந்துவிடுகிறது. அது அவிசுவாசமா? அவர் எழுந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று தையல் மெஷினைக்கூடத் துணி போட்டு மூடி வைத்துவிட்டேன். இன்னும் எவ்வளவு நாள் காத்திருப்பது?

பெயர் வேண்டாம்,
குமரி மாவட்டம்

அன்புள்ள சகோதரி,

உங்கள் அட்டையில் பதினோராம் வசனம் இருக்கிறது. அதற்கு முந்தின பத்தாம் வசனத்தை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை. பாபிலோனில் 70 வருஷம் முடிந்த பிறகுதான் உங்களைத் திரும்பக் கொண்டுவருவேன் என்று அதில் ஆண்டவர் சொல்கிறார். அதைச் சொன்ன கையோடுதான், ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்கிறார்.

அது எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம். கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பிடித்துக்கொண்டு போனவர்களுக்கு எழுதியது. ஊர் திரும்பலாம் என்று பெர்சிய ராஜா கோரேஸ் அனுமதி கொடுத்தது கி.மு. 538-ல். இருபது வயதில் சிறைப்பட்டுப் போனவருக்கு அப்போது எண்பது வயது நெருங்கியிருக்கும். அந்தக் கடிதத்தை முதலில் வாசிக்கக் கேட்டவர்களில் பெரும்பாலானவர்கள் பாபிலோன் மண்ணிலேயே கண்மூடியிருப்பார்கள். ஆண்டவரின் சமாதான நினைவு அவர்களுக்கும் சேர்த்துத்தான். இதை நான் லேசாகச் சொல்லவில்லை. எனக்கே இது தொண்டையில் இறங்கப் பல வருஷம் ஆனது.

சரி, ஒரு அதிகாரம் பின்னால் போங்கள். 28-ல் அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்னாலும் கர்த்தரின் பெயரால் சொல்கிறான். அதற்கு எரேமியாவின் பதில் என்ன தெரியுமா? முதலில் “ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக” என்கிறார். அவருக்கும் ஆசைதான். ஆனால் ஆசையை ஆண்டவரின் வாக்காக்கி ஜனங்களிடம் கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை. ‘இந்த மாதத்துக்குள்’ என்று கெடு சொல்கிறவர்களுக்கு நீங்களும் ஆமென் சொல்லுங்கள். உங்கள் கணவர் நடந்தால் உங்களைவிடச் சந்தோஷப்படப் போவது யார்? ஆனால் அந்தக் கெடு தவறிப்போனால் அந்தப் பாரத்தை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். கெடு வைத்தது நீங்கள் இல்லை.

அழுகை அவிசுவாசமா என்று கேட்டிருக்கிறீர்கள். ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்று தாவீது கேட்டது 13-ஆம் சங்கீதமாக நம் ஆராதனைப் புத்தகத்திலேயே இருக்கிறது. 88-ஆம் சங்கீதம் கடைசிவரை புலம்பல்தான், ஆறுதல் வரி ஒன்றுகூட இல்லாமல் முடிகிறது. இறந்துபோன லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே வந்த இயேசுவும் அந்தக் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். யாரிடம் கேட்டால் பதில் வரும் என்று நம்புகிறோமோ அவரிடம்தானே ‘எதுவரைக்கும்’ என்று கேட்போம்? நீங்கள் ராத்திரி அழுவது ஜெபம்தான், சகோதரி.

என் அப்பா நாலு வருஷம் படுக்கையில் இருந்தார். இரண்டாம் வருஷம் அம்மா பக்கத்து வீட்டிலிருந்து ஒரு முருங்கைக் கொம்பு வாங்கி வந்து கிணற்றடியில் நட்டாள். நுனியில் சாணி உருண்டை வைத்து, அப்பாவைக் குளிப்பாட்டிய தண்ணீரை அதற்கே ஊற்றினாள். “இந்த நேரத்தில் இது எதுக்கு?” என்று நான் கேட்டதற்கு, “அவருக்குக் கீரை வேண்டாமா?” என்றாள். அவ்வளவுதான். அப்பா எழுந்து நடக்கவில்லை. அந்த முருங்கைக் கீரைச் சாற்றைக் கரண்டி கரண்டியாய் இரண்டு வருஷம் குடித்தார். நான் அன்று எதற்காகவும் அசையாமல் இருப்பதைத்தான் காத்திருப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு எரேமியா 29:5 தெரியுமோ என்னவோ. ‘நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்’ என்பதுதான் அந்தக் கடிதத்தின் முதல் கட்டளை. எரேமியாவும் இதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. எருசலேமைச் சுற்றி எதிரியின் படை நிற்கிறது, அவரோ காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கிறார், அப்போதுதான் தன் சொந்த ஊரான ஆனதோத்தில் ஒரு நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்கி, பத்திரத்தை மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்கிறார். அந்த நிலத்தில் அவர் உழுததாக வேதத்தில் எங்கும் இல்லை. பிறகு அவரை எகிப்துக்குக் கூட்டிப்போய்விட்டார்கள்.

உங்கள் கணவருடைய மருந்தை யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். கைப்பயிற்சியையும் பேச்சுப் பயிற்சியையும் விடாதீர்கள். வாரத்தில் ஒரு ராத்திரியாவது வேறு யாரையாவது அவர் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு நன்றாகத் தூங்குங்கள். அப்புறம், தையல் மெஷின் மேல் கிடக்கும் அந்தத் துணியை எடுங்கள். இத்தனை நாள் ஓடாத மெஷின், எண்ணெய் விட வேண்டியிருக்கும். கட்டிலுக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள், அவருக்கும் சத்தம் கேட்கட்டும்.

அன்புடன்.