சாமி பயம் இல்லன்னா ஒழுக்கம் இருக்குமா?

கேள்வி: கடவுள் பயம் போயிட்டா மனுஷன் எதுக்கும் துணிஞ்சிடுவானே சார், நாத்திகனுக்கு ஏது ஒழுக்கம்?

பதில்: பயத்துல வர்றது ஒழுக்கமாங்க? கேமரா இருக்குன்னு சிக்னல்ல நிக்கிறவன் கேமரா ரிப்பேர்னு தெரிஞ்சா பறந்துடுவான், அவ்ளோதான். கிரேக்க தத்துவஞானி பிளேட்டோ எழுதின ‘யூத்திஃப்ரோ’ங்கிற உரையாடல் நூல்ல அவரோட குரு சாக்ரடீஸ் கிட்டத்தட்ட 2,400 வருஷம் முன்னாடியே இதைக் கிளறி விட்டுட்டாரு: ஒரு செயல் நல்லதுங்கிறதால தெய்வம் அதை விரும்புதா, இல்ல தெய்வம் விரும்புறதாலதான் நல்லதாகுதா? முதலாவதுன்னா நல்லது கெட்டது கடவுளை நம்பி இல்ல, ரெண்டாவதுன்னா நாளைக்கே கொலை பண்ணச் சொன்னா அதுவும் நல்லதாயிடுமே, இதுல பக்தர்களே இன்னும் முட்டி மோதிட்டிருக்காங்க. சமணத்துல உலகத்தைப் படைச்ச கடவுளே கிடையாது, ஆனா அகிம்சையில அவங்கள மிஞ்ச ஆளில்ல.

2003ல வந்த ஒரு ஆராய்ச்சி, கபுச்சின்ங்கிற வகைக் குரங்குங்களை ஜோடி ஜோடியா வெச்சாங்க, ஒரே வேலைதான், ஒண்ணுக்கு வெள்ளரிக்கா பக்கத்துல இருக்கிறதுக்கு திராட்சை, அதைப் பாத்துட்டு வெள்ளரிக்கா வாங்கின பல குரங்குங்க வேணாம்னுடுச்சு. அதுங்களுக்கு எந்த சாமி நியாயம் சொல்லிக் குடுத்துச்சு? வெறும் பொறாமைதான்னு நீங்க சொல்லலாம், சரி, ஆனா நம்ம வீட்டுப் புள்ளைங்களுக்கும் நியாயம் அங்கதான ஆரம்பிக்குது, ‘அவனுக்கு மட்டும் ஏன் பெருசு’ன்னு.